நாலு மணி அழைப்பு

நாலேகால் ஆகியும் மகள் போன் செய்யவில்லை. பல் டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது, நேற்றும் செய்யவில்லை. போன வாரம் முழுக்கவே செய்யவில்லை. பள்ளிவிட்டு வந்து கதவைத் தாழிட்ட கையோடு அம்மாவைக் கூப்பிட்டு, டீச்சர் திட்டியது முதல் பென்சில் முனை உடைந்தது வரை ஒப்பித்துத் தீர்க்கிற எட்டு வயது வாயாடி அவள்.

கிராம்புத் தைல வாடை அடிக்கும் அறையில், பல் துளைக்கிற கருவி ஓய்ந்த பிறகும் அதன் ரீங்காரம் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, டாக்டர் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வரவேண்டிய நாளை நோயாளிகளுக்குப் போனில் நினைவூட்ட அதில் ஒரு மெய்நிகர் உதவியாளரை அமர்த்தி ஒரு மாதமாகிறது. டாக்டரே கூப்பிட்டால்தான் ஜனங்கள் அசைவார்கள் என்று தன் குரலையே அதற்குக் கொடுத்திருந்தாள். வேலை குறைந்த சந்தோஷத்தில், "தினம் வர்ற போனையெல்லாம் நீயே பாத்துக்கோ" என்றும் சொல்லித் தொலைத்திருந்தாள்.

உதவியாளர் பேசிய அழைப்புகளின் பட்டியலில் வீட்டு எண். தினமும் நாலு மணி. முதல் நாள் ஆறு நிமிடம். பிறகு நாற்பது. நேற்று மூன்று மணி நேரம். பக்கத்தில், 'வழக்கமான அழைப்பு. கவனித்தாயிற்று.'

இன்றைய அழைப்பு இன்னும் முடியவில்லை.

நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு, விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினாள். சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

"செல்லம், அம்மாடா. கதவைத் திற."

சின்னக் காலடிகள். சின்னக் குரல், ஆனால் வேறு யாரிடமோ பேசியது. "அம்மா, நீ சொன்ன மாதிரியே வந்திருக்கு. உன் குரல்லயே பேசுது."

அவள் கதவை அறைந்தாள். "ஐயோ, அது நான் இல்லடி! போனை வை!"

"நீ அம்மான்னா, நேத்து நான் எதுக்கு அழுதேன், சொல்லு?"

நேற்று அவள் வரும்போது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அழுததே தெரியாது. பெற்றவளுக்குத் தெரியாது.

"ஸ்கூல்ல... யாராவது அடிச்சாங்களா?"

"பாத்தியாம்மா? அதுக்குத் தெரியலை."

"எனக்குத் தெரியுமே, கண்ணு."

தன்னுடைய குரலேதான். போனின் கரகரப்பு இல்லை. கதவுக்கு அந்தப் பக்கமே. மூச்சோடு.

மண்டியிட்டாள். கதவுக்கடியில் விரல்கடை இடைவெளி. மகளின் பாதங்கள். அவற்றை ஒட்டி இன்னொரு ஜோடி. பெரியவை. வெறுங்கால். தன்னுடையதைப் போலவே வளைந்த சுண்டுவிரல்.

அந்தப் பாதங்கள் மெல்ல அவள் பக்கம் திரும்பின.