ஒதுங்கிப் போகும் கால்கள்

"ஏங்க, இவங்கல்லாம் எதைப் பார்த்து இப்படி ஒதுங்கிப் போறாங்க?" கணினித் திரையில் அவன் எடுத்த தெருப் படத்தைக் காட்டி மனைவி கேட்டாள்.

"சாக்கடைத் தண்ணியா இருக்கும்."

"தரை காஞ்சுல்ல கிடக்கு!" காயப்போட்ட துணியை எடுக்க அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

நடைபாதையில் அவனுக்குப் படக்காரர் என்று பெயர். கேமராவை இடுப்போடு அணைத்து, கண்ணில் வைக்காமலே அமுக்குவான். அப்போதுதான் யாரும் முகத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். வாரம் முழுவதும் ஒரே இடம், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே. எடுத்ததை ஞாயிற்றுக்கிழமை வரை திறந்தும் பார்ப்பதில்லை. சூடு ஆறினால்தான் நல்லது கெட்டது தெரியும் என்பது அவன் கட்சி. யார் சொன்னாலும் கேட்கிற ஆளும் இல்லை.

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற, கூடத்தில் மகள் படம் வரையும் பென்சிலின் உரசல் அறைக்குள் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்க, ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்த திரையில் அவன் திங்கட்கிழமைப் படங்களை மறுபடியும் பார்த்தான். அவள் சொன்னது சரிதான். கூட்டத்தின் நடுவே, ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். பை தூக்கிய பெண் தோளைச் சாய்த்து அதைச் சுற்றிப் போனாள். போனில் பேசியவர் நிமிராமலே விலகினார்.

செவ்வாய்க்கிழமை அது நாலு அடி நகர்ந்திருந்தது. புதன்கிழமை, செருப்புத் தைக்கிறவருக்குப் பக்கத்தில்.

"என் மூஞ்சியை எப்பத்தான் எடுக்கப் போறீங்க, படக்காரரே?" என்று தினமும் வம்புக்கு இழுப்பவர் அவர். வியாழக்கிழமைப் படத்தில் அவர் வாய் திறந்திருந்தது. ஒரு கை கேமராவை நோக்கி நீண்டிருந்தது. ஜனங்கள் இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. ஆறடி தள்ளி நின்று அமுக்கிய இவனும்தான். அன்று அவர் கூப்பிட்டது எதுவும் அவன் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய குடை இருந்தது. ஊசி இருந்தது. ஆள் இல்லை. அவர் இடத்தை மிதித்துக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். வெற்றிடம் கேமராவுக்கு இன்னும் கிட்டே வந்திருந்தது.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. மகளையும் கூட்டிப் போயிருந்தான். கடைசிப் படத்தில் அவள் அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை, யாருடைய விரலையோ பிடித்த மாதிரி மேலே தூக்கியிருந்தது.

அவனுடைய இரண்டு கைகளும் கேமராவில் அல்லவா இருந்தன!

பென்சில் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

கூடத்துக்கு ஓடினான். மகள் நாற்காலியில்தான் இருந்தாள். அப்பாடா என்று மூச்சு வந்தது. துணிக்கூடையோடு இறங்கி வந்த மனைவி நேராக நடந்தாள். நாற்காலி கிட்டே வந்ததும் தோளைச் சாய்த்தாள். சுற்றிப் போனாள்.

"பாப்பா எங்கங்க? சாப்பிடக் கூப்பிடுங்க."

மகளின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கை அவனை நோக்கி நீண்டிருந்தது.

"இதோ வந்துட்டேன்டா கண்ணு!"

பாய்ந்தான். இரண்டே எட்டு. கண்ணை அவள் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. ஆனாலும் ஜன்னலோரம் போய் நின்றான். திரும்பினான். மறுபடி ஓடினான்.

அவள் விரல்கள் அவன் சட்டையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தன.

அவன் கால்கள் தாமாக ஒதுங்கின.