நூற்று நாற்பதில் நின்ற கம்ப்யூட்டர்

பாஞ்சாலி தொட்டது ஒரே ஒரு பொத்தானைத்தான். அதுவும் சவுரியப்பன் சார் தொடச் சொன்ன பொத்தான். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் கடத்தூர் கடைத்தெரு வரைக்கும் செய்தி போய்விட்டது, பாஞ்சாலி கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டாள் என்று.

அது 1988-ஆம் வருடம். கடத்தூர்ப் பக்கம் கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. சேலத்தில் ஒரு மில் ஆபீஸ் புதிதாக ஒன்று வாங்கியதால், பழையதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது. தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி, ஒரு வேனில் அது வந்து சேர்ந்தது. கணக்கு வாத்தியார் சவுரியப்பன் சார் சேலத்துக்குப் போய் அதை இயக்கக் கற்று வந்திருந்தார்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் பொத்தானை அழுத்தினார்கள். பெட்டியில் செருகிய பிளாப்பி தட்டு 'கரகர'வென்று சுற்றும். திரையில் எண்கள் மளமளவென்று ஏறும். இருநூற்று ஐம்பத்தாறு வந்ததும் கம்ப்யூட்டர் வேலைக்குத் தயாராகிவிடும்.

பாஞ்சாலியின் முறை வந்த அன்று எண்கள் நூற்று நாற்பது வரை ஏறின. அதோடு சரி. அணைத்துப் போட்டாலும் நூற்று நாற்பதுதான். மறுநாள் போட்டாலும் அதேதான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் எல்லாருடைய கண்ணும் காக்கை மேல்தானே இருந்தது?

"அவ கை பட்டதும்தான் சார் நின்னுச்சு" என்று முதலில் சொன்னவன் மாதேஸ்வரன். அப்புறம் வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. பாஞ்சாலி தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனால், குழாய் நின்றுவிடும் என்று ஒருவன் தடுப்பான். மணி அடிக்கும் கம்பிப் பக்கம் அவள் நடந்தால், இனி பள்ளிக்கூடமே விடாது என்று இன்னொருத்தி சிரிப்பாள். பாஞ்சாலிக்கு அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்ததால் அழுகைக்கு வழி கிடைக்கவில்லை.

சவுரியப்பன் சார் அவளைத் திட்டவில்லை. சேலத்துக்கு டெலிபோன் போட்டுக் கேட்டார். பழைய மிஷினுக்கு ரிப்பேர் எல்லாம் கிடையாது, வெள்ளிக்கிழமை வேன் வரும், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் போய்விடும். கெட்ட பெயர் மட்டும் பாஞ்சாலியோடு இங்கேயே தங்கிவிடும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். சார் கடைசியாக ஒரு முறை பார்க்கலாமென்று பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே கருவண்டுகளைப் போல, இரண்டு பக்கமும் கால் வைத்த சிப்புகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. சார் பொத்தானை அழுத்தினார். நூற்று நாற்பது.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் பாஞ்சாலி. "என் கை பட்டுக் கெட்டுதுன்னா கண்ட எடத்துல நிக்கணுமில்லீங்களா? ஏன் எப்பவும் நூத்தி நாப்பதுலயே நிக்குது?"

சார் திருப்புளியைக் கீழே வைத்தார். நல்ல கேள்வி கேட்டால் அவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்.

பிளாப்பி தட்டில் இருக்கும் 'சிஸ்டம்' என்ற கட்டளைகள் உள்ளே ஏறியதும், வாத்தியார் ஆஜர் எடுப்பது போல எல்லா மெமரி சிப்பையும் எண்ணிப் பார்க்கும் என்று சார் விளக்கினார். மொத்தம் நான்கு வரிசை. வரிசைக்கு அறுபத்து நான்கு எண்; ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த வரிசைச் சிப்புகள் எல்லாமே சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஒரு சிப் பதில் சொல்லாவிட்டாலும் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும்.

"அப்போ ரெண்டு வரிசைக்கு நூத்தி இருபத்தெட்டு" என்று பாஞ்சாலி விரலை மடக்கினாள். "நூத்தி நாப்பதுன்னா, பதில் சொல்லாத ஆளு மூணாவது வரிசைங்க சார்."

சார் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது. அந்த வரிசையில் ஒன்பது சிப் இருந்தன. ஒன்பதும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே மாதிரி இருந்தன.

பாஞ்சாலி அவற்றையே பார்த்தாள். மூன்றாம் வரிசை, பெஞ்சு, ஒரே மாதிரி முழிக்கும் முகங்கள். சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் வகுப்பில் யாரோ விசில் அடித்தார்கள். யாரைக் கேட்டாலும் பால் குடிக்காத பூனை மாதிரி முழித்தார்கள். சார் பேசாமல் இரண்டு பெஞ்சுப் பிள்ளைகளை இடம் மாற்றினார். விசிலும் கூடவே இடம் மாறியது. பிறகு ஒவ்வொருவராக மாற்றி உட்காரவைத்து, மாதேஸ்வரனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"சார், இதுங்களையும் எடம் மாத்திப் பாக்கலாங்களா?"

சார் கரண்டை நிறுத்தினார். மூன்றாம் வரிசைச் சிப்புகளை நான்காம் வரிசைக்கும், அங்கே இருந்தவற்றை இங்கேயும் மாற்றினார். பொத்தானை அழுத்தினார். எண்கள் நூற்று நாற்பதைத் தாண்டின. இருநூற்று நான்கில் நின்றன.

சரியாக அறுபத்து நான்கு தள்ளி! கணக்கு வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "விசில் எடம் மாறிடுச்சு பாஞ்சாலி" என்றார்.

பிறகு ஒவ்வொரு சிப்பாக மூன்றாம் வரிசைக்குத் திருப்பிப் போட்டார்கள். அணைப்பது, மாற்றுவது, போடுவது. இருநூற்று நான்கு, மறுபடியும் இருநூற்று நான்கு. ஜன்னலில் மாதேஸ்வரனும் மற்ற பிள்ளைகளும் வந்து தொற்றிக்கொண்டார்கள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பாஞ்சாலி அடுத்த சிப்பைக் காட்டினாள்.

ஆறாவது சிப்பை மாற்றியதும் எண்ணிக்கை நூற்று நாற்பதில் வந்து நின்றது.

"மாட்டிக்கிச்சு" என்றான் ஜன்னலிலிருந்து மாதேஸ்வரன்.

சார் அந்தச் சிப்பைப் பிடுங்கித் தூர வைக்கப் போனார். ஒரு வரிசையை விட்டுவிட்டு, மீதியை வைத்து நொண்டியடிக்கலாம் என்பது அவர் யோசனை. பாஞ்சாலி கையை நீட்டினாள்.

"வெளிய தள்ளாதீங்க சார். அதுக்கு என்னாச்சுன்னு மொதல்ல பாக்கலாம்."

என்ன ஏது என்று கேட்காமலே பழி சுமத்தினால் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் அவளுக்குத்தான் தெரியும்.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மற்ற கால்கள் பளபளத்தன. ஒரு கால் மட்டும் களிம்பேறிக் கறுத்திருந்தது. அந்தக் கால் சரியாகப் பதியாமல்தான் சிப் பேச முடியாமல் இருந்திருக்கிறது. பாஞ்சாலி தன் பென்சில் ரப்பரை எடுத்தாள். கால் வளைந்துவிடாமல் மெல்ல மெல்லத் தேய்த்தாள். கறுப்பு போய்க் கால் மின்னியது. சார் அதை அதனுடைய இடத்தில் அழுத்தி உட்காரவைத்தார்.

"நீயே போடு" என்றார்.

பாஞ்சாலி சாரின் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். தட்டு சுற்றியது. நூறு. நூற்று முப்பது. ஜன்னலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று! எண்கள் நிற்காமல் ஓடின. இருநூற்று ஐம்பத்தாறு வந்தது. தட்டு இன்னொரு முறை கரகரத்தது. திரையில் பச்சை வெளிச்சம் கண் சிமிட்டியது.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். பின்னாலேயே கயிறும் சாக்குமாக வேன் டிரைவரும், ஜன்னலில் இருந்த பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். தலைமை ஆசிரியர் திரையைப் பார்த்தார், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், யார் இதைச் சரி செய்தது என்று கேட்டார். சவுரியப்பன் சார் வாயைத் திறப்பதற்குள் மாதேஸ்வரன் முந்திக்கொண்டான்.

"பாஞ்சாலிங்க சார். நாங்க எல்லாரும் பாத்தோம். கெடுத்தது அவ இல்லீங்க, சரி பண்ணுனதுதான் அவ."

சொல்லிவிட்டு அவளைப் பார்க்க முடியாமல் அவன் தரையைப் பார்த்தான். பாஞ்சாலி நகர்ந்து, நாற்காலியில் அவனுக்கும் பாதி இடம் விட்டாள்.

சேலத்து வேன் காலியாகவே திரும்பிப் போனது. அதை வேடிக்கை பார்க்க ஒரு பிள்ளைகூட வெளியே வரவில்லை.