ஆள் இல்லை

தீவு விடுதியிலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு எண் தவறாக இருந்தது. ராமபத்ரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். ‘தாங்கள் எழுதியபடி, மாநாட்டுக்கு வரும் நாற்பத்தொரு பேருக்கும் கட்டிலும் கம்பளியும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன.’ அவர் எழுதியது முப்பத்துநான்கு. கோப்பில் கார்பன் நகல் இருந்தது. எடுத்துப் பார்த்தார். எண்ணாலும் எழுத்தாலும் முப்பத்துநான்குதான்.

கல்பாத்தியில் அந்த வீட்டைச் சர்வேயராம், அதாவது சர்வேயர் அகம், என்பார்கள். மூன்று தலைமுறையாக நிலம் அளந்த குடும்பம். கொல்லங்கோட்டுப் பக்கம் வரப்புத் தகராறு என்றால், சர்வேயராத்துப் படம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் இரு தரப்பும் கோர்ட்டுப் படியேறும். எண்ணில் தவறுவது அந்த வீட்டில் பொய் சொல்வதைவிடக் கேவலம்.

“என்னன்னா, கடுதாசியை அப்படி முறைச்சுப் பாத்துண்டிருக்கேள்? காப்பி ஆறிண்டிருக்கு” என்றாள் மனைவி திரிபுரசுந்தரி.

“முப்பத்துநாலுன்னு எழுதினா நாப்பத்தொண்ணுன்னு படிக்கறா.”

“ஏழு பேர் கூட வந்தா என்னவாம்? நீங்களா உலை வைக்கப் போறேள்?”

அவர் நகலைக் கோப்பில் திரும்பச் செருகினார். ஏழு. அந்தக் கழித்தலை அவர் இன்னும் மனதுக்குள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. அவள் போட்டுவிட்டாள்.

எழுபத்தாறாம் வருஷம் ஜனவரியில் நடக்கவிருந்த அந்த மாநாடு மலை நீர்த்தேக்கங்களில் படியும் வண்டலைப் பற்றியது. அதை நடத்தும் சங்கத்தின் தலைவர் ராமபத்ரன். துணைச் செயலாளர் அவருடைய தம்பி மகன் நாணு, கல்லூரியில் நிலவியல் ஆசிரியன். எர்ணாகுளத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பெரியவர் சொன்னார். சின்னக்கானலுக்கு அப்பால் கூவப்பாறை நீர்த்தேக்கத்தின் நடுத்தீவில் புது விடுதி திறந்திருக்கிறார்கள், அங்கேயே வைப்போம் என்று மற்ற எல்லோரும் குதித்தார்கள். போதாததற்கு, அணைக்காகப் பள்ளத்தாக்கை அளந்த குடும்பம் என்பதால், விடுதியின் கூட்ட அறைக்கு ராமபத்ரனின் அப்பா பெயரை வைக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்குமேல் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவரிடம் இருந்த காரணம் வெளியே சொல்லக்கூடியதல்ல.

அந்தக் காரணம் அவருடைய தகரப்பெட்டியின் அடியில், பட்டு வேட்டிக்குக் கீழே, பதினைந்து வருஷமாகக் கிடந்தது. ஒரு எஸ்டேட்டின் ஆள் பதிவுப் புத்தகம், செக்ரோல் என்பார்கள். நீர் நிரப்புமுன் பள்ளத்தாக்கில் மனிதர் யாரும் இல்லை என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்தக் கையெழுத்து பொய் என்று சொல்லக்கூடிய ஒரே காகிதம் அது.

இப்போது அதைத் தேடி ஒருத்தி கிளம்பியிருந்தாள். டாக்டர் கத்தரீனாள், நாகர்கோவில்காரி, வண்டல் ஆராய்ச்சி செய்பவள். கூவப்பாறையின் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுத்ததில் அடுப்புக்கரியும் நெல் உமியும் கம்பளி நூலும் கண்ணாடி வளையல் துண்டும் வந்ததாகக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியிருந்தாள். அடியில் பேனாவால் இரண்டு வரி. ‘நீர் நிரப்பியபோது அங்கே குடியிருப்பு இருந்ததா ஐயா? பழைய பதிவேடு ஏதேனும் தங்களிடம் இருந்தால் கொண்டுவர வேண்டுகிறேன்.’

ராமபத்ரன் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். கொண்டுபோவார். காட்டுவதற்கல்ல. எரித்துவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. பெயர்கள் எழுதிய காகிதத்துக்குத் தீ வைப்பது சிதை மூட்டுவது போலத் தோன்றி, தீப்பெட்டியை மறுபடி மாடத்திலேயே வைத்துவிடுவார். தண்ணீரில் போட்டுவிட்டால் எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேரும்.

*

சின்னக்கானல் தாண்டி இரண்டு மணி நேரம் ஜீப் குலுங்கியது. தொழிற்சாலைகளில் வாடப் போட்ட தேயிலையின் பச்சை மணம் வழியெல்லாம் கூடவே வந்தது. கடைசி வளைவில் அது நின்றது. அதற்குப் பதிலாக வேறொரு வாசனை வந்தது. நனைந்து காயாமல் மடித்து வைத்த கம்பளியின் வாசனை, அதற்குள் காய்ச்சல்காரர் வியர்வையின் புளிப்பு. கீழே நீர்த்தேக்கம் மூடுபனிக்குள் படுத்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் ஒரு பழைய பித்தளைத் தட்டு போலத் தெரிந்தது.

படகுத்துறையில் நின்ற கிழவர் பெரியமுத்து. விடுதியின் படகோட்டி. ராமபத்ரனும் நாணுவும் கத்தரீனாளும் ஏறியதும், பத்துப் பேர் உட்காரக்கூடிய படகு விளிம்பு வரை அமுங்கியது.

“நாம மூணு பேர்தானே? இப்படித் தாழறதே!” என்று நாணு பலகையைப் பிடித்துக்கொண்டான்.

“நம்ம ஆளுக கனம் அப்படித்தாம்யா” என்று துடுப்பைப் போட்டார் கிழவர். பிறகு ராமபத்ரனைப் பார்த்தார். “அய்யாவ எனக்குத் தெரியும். அய்யாதான் என்னிய மறந்துருப்பீக. கீழ இருந்த எஸ்டேட்ல நாந்தேன் கங்காணி. செக்ரோல் புஸ்தகத்த எங்கையிலதான் வாங்கிட்டுப் போனீக.”

கத்தரீனாள் திரும்பினாள். “செக்ரோலா? அது இப்போ எங்கே இருக்கு, சார்?”

“அதெல்லாம் அப்பவே ஆபீஸ்லே ஒப்படைச்சாச்சு” என்றார் ராமபத்ரன். மடியிலிருந்த கைப்பை தொடையில் ஈரமாகப் பட்டது.

“அப்படியா. சரிங்கய்யா” என்றார் கிழவர். “பேரு விட்டுப் போகாம இருந்தாச் சரி.”

தீவு என்றால் முன்னொரு காலத்தில் மலையுச்சி. விடுதிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கூட்ட அறை வாசலில் அப்பாவின் பெயர் பொறித்த பலகை, சாமந்தி மாலையோடு. அதைப் பார்த்தபோது ராமபத்ரனின் முதுகு தானாக நிமிர்ந்தது. இதற்காகத்தான், என்று சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் காப்பிக்குப் போனதும் கைப்பையோடு படித்துறைக்கு இறங்கினார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. தண்ணீர் அசையவில்லை. புத்தகத்தைக் கடைசியாக ஒரு தடவை திறந்தார். கங்காணியின் குண்டு எழுத்து. கீழ் லயம். சின்னத்தாய், பிச்சைமணி, செல்லத்துரை, ஏசுரத்தினம், புஷ்பமேரி, சந்தனம், அழகுத்தாய். ஏழு பெயருக்கும் நேரே, கடைசி மூன்று நாளும், ஒரே குறிப்பு: ஆள் இல்லை.

நிலம் அளப்பவன் பாஷையில் ‘ஆள் இல்லை’ என்றால் குடியிருப்பு காலி. வீடு உண்டு, மனிதர் இல்லை. அப்படித்தான் அவர் படித்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயம் இரண்டு மைல் கீழே. சட்டையில் சேறு படாமல் சான்றிதழை எழுதிக் கொடுத்துவிட்டு மலை இறங்கினார். எஸ்டேட் பாஷையில் அதற்கு வேறு அர்த்தம் என்பது எட்டாம் நாள், லயம் தண்ணீருக்குள் போன பிறகுதான் தெரிந்தது. பெரட்டு என்பார்கள், விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை. கூப்பிட்டு யார் குரல் கொடுக்கவில்லையோ அவருக்கு ஆள் இல்லை. அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. அவ்வளவுதான். ஏழு பேரும் விஷக்காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் லயத்திலேயே படுத்திருந்தார்கள்.

எழுவரும் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டதாக இன்னொரு காகிதம் எழுதப்பட்டது. அந்தக் கையெழுத்தும் அவருடையதுதான்.

கல்லோடு சேர்த்துத் துண்டை முடிந்து, எட்டி எறிந்தார். சத்தமே இல்லை. யாரோ கையில் வாங்கிக்கொண்டது போல இருந்தது. வட்டங்கள் கரைக்கு வரவில்லை. திரும்பிப் படியேறியபோது பின்னால், தண்ணீருக்குக் கீழே, ஒரு பெண் இருமினாள். நெஞ்சில் சளி கட்டிய, நெடுநாள் இருமல்.

*

காலை ஆறு மணிக்கு அவரை எழுப்பியது ஒரு மணியோசை. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்பால் தட்டும் சத்தம். பெரட்டு மணி. தீவில் அப்படி எதுவும் இல்லை. சத்தம் தரைக்கு அடியிலிருந்து, கட்டில் கால் வழியாக ஏறி வந்தது.

வராந்தாவில் நாணு மீசைக்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

“மணி கேட்டதோடா?”

“என்ன மணி? எனக்குக் கேட்டதெல்லாம் உங்க பக்கத்து ரூம் குறட்டைதான். காலியா இருக்குன்னு சொன்னா அந்த ரூம். ஏழு கட்டிலும் கசங்கிக் கிடக்கு, பெரியப்பா. கம்பளியைத் தொட்டுப் பாத்தேன், பிழியலாம்.”

“கூரை ஒழுகியிருக்கும்.”

“மழையே இல்லையே?”

ஒன்பது மணிக்குக் கூட்டம். அறை நிறைய ஆட்கள், நிறைய சூட்டும் கோட்டும். ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. பின்சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு, அதில் யாரும் இல்லை. எந்த மாநாட்டிலும் தலைவர் தாமே பெயர் வாசித்து வருகை குறிப்பது ராமபத்ரன் ஏற்படுத்திய வழக்கம். இளைஞர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. நிமிர்ந்து நின்று கையை நீட்டினார். பெரியமுத்து பதிவேட்டைக் கொண்டுவந்து இரு கையாலும் கொடுத்தார்.

கனமாக இருந்தது. மேஜையில் வைத்ததும் அதைச் சுற்றித் தண்ணீர் பரவியது.

திறந்தார். முதல் பக்கத்தில் வந்திருந்தவர்களின் பெயர்கள். ஆனால் கங்காணியின் குண்டு எழுத்தில். வாசித்தார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். முப்பத்துமூன்று பெயர். முப்பத்துநான்காவது அவர் பெயராக இருக்க வேண்டும். இல்லை. பக்கத்தைத் திருப்பினார். மூடிவிட வேண்டும் என்று நினைத்தார். வாய் நிற்கவில்லை.

“சின்னத்தாய்.”

“இருக்கேன் சாமி.”

பின்பெஞ்சிலிருந்து. பெஞ்சு காலி. அதன் கீழே தரை நனைந்திருந்தது.

“பிச்சைமணி.”

“இருக்கேன் சாமி.”

செல்லத்துரை. இருமல். ஏசுரத்தினம். பல் அடித்துக்கொள்ளும் சத்தம். புஷ்பமேரி. சந்தனம்.

“அழகுத்தாய்.”

அதற்கு மட்டும் பதில் வரத் தாமதமானது. சுவரோரம் நின்ற பெரியமுத்து கண்ணை மூடினார். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், தூக்கக் கலக்கத்தில்: “இருக்கேன் சாமி. அப்பா எங்க?”

அறையில் மற்ற யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. அவர்களுக்குப் பெயர்கள் மட்டுமே கேட்டிருக்கின்றன. கத்தரீனாள் எழுந்தாள். அவள் கையில் கண்ணாடிக் குப்பி. அதற்குள் சேறு, ஒரு துண்டு பச்சை வளையல்.

“சார், கடைசியா வாசிச்ச ஏழு பேர் யாரு? பட்டியல்ல இல்லையே.” குரல் தாழ்ந்தது. “கீழே இருந்தவங்களா?”

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நாணு பார்த்தான். அவன் தலைக்கு மேலே, கதவுக்கு வெளியே, மாலை வாடாத பலகையின் ஓரம் தெரிந்தது.

ராமபத்ரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முதுகு நேராக இருந்தது.

“ஆள் இல்லை” என்றார். “அடுத்தது போகலாம்.”

பேனாவை எடுத்து ஏழு பெயருக்கு நேரேயும் அதையே எழுதினார். ஏழாவது எழுதி முடித்தபோது எட்டாவதாக ஒரு வரி இருந்தது. சற்று முன்பு இல்லாத வரி. மை காயவில்லை.

பின்னாலிருந்து பெரியமுத்து குரலெடுத்தார். படகில் பேசிய கிழவர் குரலல்ல. மலையிலிருந்து மலைக்குக் கேட்கும் பெரட்டுக் குரல்.

“ராமபத்ரன்!”

“இருக்கேன்” என்றார்.

யாரும் திரும்பவில்லை.

“இருக்கேன்! இங்கேதான் இருக்கேன்!”

கத்தரீனாள் குப்பியோடு உட்கார்ந்தாள். அவள் பார்வை அவர் வழியாகப் போய் ஜன்னலில் நின்றது. நாணு கடிகாரத்தைப் பார்த்தான்.

“எங்கே போயிட்டார் பெரியப்பா? ஒரு நிமிஷம் தவற மாட்டாரே. பெரியமுத்து, படித்துறைப் பக்கம் பாத்தேளா?”

பெரியமுத்து மேஜைக்கு வந்தார். ஈரப் பக்கத்தின் மேல் குனிந்தார். பேனாவை ராமபத்ரனின் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டார். மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினார். இரண்டே சொல்.

மணி அடித்தது. அடியிலிருந்து.

கணுக்காலில் குளிர். முழங்காலில். மார்பில். சத்தம் போட வாயைத் திறந்தார். கம்பளி வாசனை உள்ளே போனது. பச்சை வெளிச்சத்துக்கு அப்பால், எட்டாத உயரத்தில், சூட்டும் கோட்டும் அணிந்தவர்கள் முதல் கட்டுரைக்குக் கை தட்டினார்கள்.

பின்பெஞ்சில் இப்போது அவர்கள் தெரிந்தார்கள். தலையோடு போர்த்திய கம்பளியில் சேறு வழிய ஏழு பேர். கடைசியில் இருந்த சிறுமியின் ஒரு கையில் மட்டும் வளையல் இல்லை. அவள்தான் முதலில் நகர்ந்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து, பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.