பலாப் பலகைப் பெட்டி

டபுள் பேஸின் தடித்த தந்தியை மெர்லின் இழுத்து விட்டால், அவள் வயிற்றுக்குள் குழந்தை ஓர் உதை விடும். எட்டாம் மாதம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். ஆளை விட உயரமான அந்த வாத்தியம் அவள் வயிற்றின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். அதன் அதிர்வு மரத்திலிருந்து சேலைக்கும் சேலையிலிருந்து தோலுக்கும் இறங்கும். உடனே உள்ளேயிருந்து பதில் வரும். புனித வாரத்தின் புதன்கிழமை சாயங்காலம், ஐயனார் ஆசாரி செய்து கொண்டுவந்த புதிய ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்து அவள் முதல் சுரத்தை வாசித்தபோது, பதில் வரவில்லை.

தூங்குகிறது போல, என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவூருக்கு அடுத்து இருக்கும் அந்தச் சின்ன ஊரின் மாதா கோயிலுக்கு டபுள் பேஸ் வந்தது முன்பிருந்த பங்குச்சாமியார் ஒருவரால். திருச்சியில் இசை படித்து இங்கே மருமகளாக வந்த மெர்லினைத் தவிர அதை வாசிக்க ஊரில் ஆள் இல்லை. பாடகர் குழு முழுத் தொண்டையில் பாடும்போது அதன் ஓசை எங்கே போகிறது என்றே தெரியாது. அதனால்தான் ஸ்பீக்கர். மறுநாள் பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி முடித்ததும் மணிகளும் வாத்தியங்களும் வாயடைத்துவிடும். சனிக்கிழமை இரவு உயிர்ப்புத் திருவிழிப்பில்தான் மறுபடி திறக்கும். எந்தப் பெட்டி என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

புதுக்கோட்டைக் கடையிலிருந்து வாசித்துப் பார்க்கக் கொண்டுவந்த பெட்டியில் நான்கு சிறிய ஸ்பீக்கர்கள் இருந்தன. விரல் தந்தியில் படும் சொடுக்குகூட அதில் தெளிவாகக் கேட்டது. ஆனால் ஓசைக்கு வயிறு இல்லை. கொஞ்சம் கூட்டினால் போதும், பெட்டியின் ஓசையை வாத்தியமே திரும்ப வாங்கிக்கொண்டு முனக ஆரம்பித்து, முனகல் ஊளையாகி, பாடகர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஐயனாரின் பெட்டியில் ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர்தான். முன்பக்கம் கறுப்புத் துணி. மற்ற பக்கமெல்லாம் காற்றுப் புகாமல் அடைத்த பழைய பலாப் பலகை. அது ஊளையிடவில்லை. அதன் ஓசை தரையோடு தரையாகப் படுத்து, பெஞ்சுகளின் கால்களில் ஏறி, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால் வழியாக நெஞ்சுக்கு வந்தது.

"இன்னொரு தரம் வாசி," என்றான் அவள் கணவன் அடைக்கலராஜ், கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு. "கடை பாக்ஸு நியூஸ் வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. இது சாமியே பேசுற மாதிரில்ல இருக்கு."

"எங்க சாமியா, ஒங்க சாமியா சார்?" என்று சிரித்தார் ஐயனார்.

"ரெண்டு பேருக்கும் தொண்டை ஒண்ணுதான்யா."

ஐயனார் இந்தப் பெட்டிக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டவர். போன வருடம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்தக் கோயில் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மெர்லினும் தூக்குவாளியோடு போயிருக்கிறாள். அதை மனதில் வைத்து அவர் இரவு பகலாக இழைத்திருந்தார். பெட்டியின் பின்பலகை ஓரத்தில் பழைய செதுக்கு வேலை ஒன்று இருந்தது. சின்னச் சின்ன இறக்கைகள். அதை மட்டும் இழைக்க மனம் வரவில்லை என்றார். ஓசை சுமாராக இருந்திருந்தாலும் மெர்லின் அந்தப் பெட்டியைத்தான் எடுத்திருப்பாள். அன்போடு நீட்டியதைத் தள்ளிவிட அவள் பழகியதில்லை.

"இதுவே இருக்கட்டும்ணே," என்றாள். ஐயனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தந்தியை உள்ளங்கையால் அமுக்கி ஓசையை நிறுத்தினாள். நின்ற பிறகும் பெட்டிக்குள் ஏதோ லேசாக, மிக லேசாக, துப்துப் என்றது. துணிப் பக்கம் குனிந்தபோது மெழுகும் பழைய மரமும் கலந்த வாசனைக்கு அடியில் புளித்த பால் வாடை அடித்தது.

"எர்த் சரியில்ல போலங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் குழந்தை லேசாகப் புரண்டது. இதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்ததால், அவள் எதற்கும் பயப்படுகிறவளாகிவிட்டிருந்தாள். அந்தப் புரளலுக்கு மாதாவிடம் நன்றி சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை பிற்பகல், பூசைக்கு முன் சுருதி சேர்த்துவிடலாம் என்று தனியாகக் கோயிலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துவிட்டு அடைக்கலராஜ் நேரே வருவதாகச் சொல்லியிருந்தான். மேற்குச் சன்னல்களின் நிறக்கண்ணாடி வழியே வெயில் சிவப்பும் நீலமுமாகத் தரையில் கிடந்தது. வெளியே பனையோலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஊதுவத்தியும் வாடிய சம்பங்கியும் மணந்த அந்த வெக்கையில் கோயில் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வரும் வழியெல்லாம் குழந்தை உதைத்துக்கொண்டேதான் வந்தது. அந்தத் தைரியத்தில் ஸ்விட்சைப் போட்டாள். தடித்த தந்தியை இழுத்து விட்டாள்.

வயிறு அடங்கியது.

தூங்கும்போது அடங்குவதுபோல் இல்லை. ஒரு வீட்டில் உள்ளறையில் இருந்தவர் எழுந்து கொல்லை வழியாகப் போய்விட்டால் வீடு எப்படி ஆகுமோ, அப்படி.

பெட்டியில் துப்துப் என்றது. நேற்றை விடத் தெளிவாக. வேகமாக, ஒரே சீராக, சின்னக் குதிரை ஒன்று ஓடுவதுபோல. அந்த ஓசையை மெர்லின் முன்பே கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில், வயிற்றில் குளிர்ந்த களிம்பு தடவி, டாக்டரம்மா கருவியை வைத்து அழுத்தியபோது, "கேக்குதா? ஒன் புள்ள நெஞ்சுதான்" என்று சிரித்தபோது கேட்டது.

ஆம்ப்ளிஃபயரின் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருகினாள். ஓசை குறையவில்லை.

வயிற்றைத் தட்டினாள். "கண்ணு," என்றாள். "கண்ணு, அம்மாடா."

பெட்டிக்குள்ளிருந்து ஓர் உதை.

அவள் போட்ட சத்தத்தில்தான் இரண்டு பேரும் ஓடிவந்திருக்க வேண்டும். பூசைக்குப் பெஞ்சு போட வந்த ஐயனார் முன்னால். பின்னால் கோயில்பிள்ளை அருள்தாஸ். மணியடிப்பதிலிருந்து குழி வெட்ட ஆள் சொல்வது வரை கோயில் காரியமெல்லாம் பார்க்கிற கிழவர். மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் அன்றுதான் ஊர் திரும்பியிருந்தார். அவர் மெர்லினைப் பார்க்கவில்லை. பெட்டியின் பின்பலகையைப் பார்த்தார். மண்டியிட்டு அந்த இறக்கைகளை விரலால் தடவினார்.

"இந்தப் பலகை எங்கிட்டு கெடந்துச்சு?"

"மணிக்கூண்டுக்கு அடியில, வெறகோட வெறகா கெடந்துச்சுங்க," என்றார் ஐயனார். "சாமியாருதான் எடுத்துக்கச் சொன்னாரு. ஒடஞ்ச தொட்டி மாதிரி இருந்துச்சு. நல்ல பலா."

"தொட்டி இல்லய்யா. சின்னத் தூம்பா."

ஐயனாருக்குப் புரியவில்லை. புதிதாக வந்த சாமியாருக்கும் புரிந்திருக்காது. ஊரில் யார் இறந்தாலும் உடலை வைத்துக் கல்லறைக்குத் தூக்கிப்போய், இறக்கிவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் பெரிய தூம்பாப் பெட்டியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று இருந்ததையும், அம்மையும் பேதியும் வந்த கோடைகளில் அது ஒரு நாளும் ஓய்ந்ததில்லை என்பதையும், தடுப்பூசி வந்த பிறகு அது மணிக்கூண்டுக்கு அடியில் போனதையும் அருள்தாஸ்தான் சுருக்கமாகச் சொன்னார்.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. பூச்சி அரிச்ச பொரிதான் கொஞ்சம். தட்டிக் கூட்டிட்டேன்."

அருள்தாஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "புள்ளைய எறக்கிட்டுத் திரும்பயில, பெத்தவ ஒரு பிடி பொரி அதுக்குள்ள போடுவா. அதைக் காலியா வைக்கிறதில்ல. எங்கப்பா காலத்துலருந்து வழக்கம்."

மெர்லின் கேட்டாள்: "காலியா வச்சா என்ன ஆகும்?"

"யாரும் வச்சுப் பார்த்ததில்ல தாயி."

கிழவர் எழுந்தார். பொரிக்காகத்தான் இருக்க வேண்டும், கடைப் பக்கம் அந்த வயதில் ஓட்டமும் நடையுமாகப் போனார். ஐயனார் அழுதுகொண்டே இடுப்பிலிருந்த உளியை உருவினார். "நான்தான் செஞ்சேன், நானே ஒடச்சிடுறேன் தாயி."

"தொடாதீங்க!" மெர்லின் பெட்டியின் குறுக்கே விழுந்தாள். "ஒடைக்காதீங்கண்ணே. உள்ள இருக்கு."

அவர் கையிலிருந்த உளி கீழே விழுந்தது. அவர் யாருக்கும் கெடுதல் நினைத்தவர் இல்லை. அவளும் இல்லை. பலகையைக் கொடுத்த சாமியாரும் இல்லை. ஆனாலும் பெட்டி துடித்துக்கொண்டிருந்தது.

வாசலில் கார் நின்றது. அடைக்கலராஜ் ஓடிவந்தான். ஐயனார் திக்கித் திணறிச் சொன்னதில் பாதிகூட அவன் காதில் ஏறவில்லை. அவன் பார்த்தது மனைவியின் முகத்தை மட்டும்தான்.

"உதைக்கலங்க," என்றாள் அவள். "இங்க உதைக்கல."

"எந்திரி. புதுக்கோட்டைக்குப் போயிருவோம். ஒண்ணும் ஆகாது, எந்திரி."

சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

துடிப்பு அணையவில்லை.

துப்துப். துப்துப்.

அடைக்கலராஜின் கையில் ஒயர் தொங்கியது. வெளியே பனையோலைகள் அசையவில்லை. புளித்த பால் வாடை.

கறுப்புத் துணி அசைந்தது.

உள்ளேயிருந்து ஏதோ அழுத்தியது. சின்னது. உருண்டை. தோலுக்கு அடியில் அது நகர்வதை இந்த மாதம் முழுக்க அவள் பார்த்திருக்கிறாள்.

குதிகால்.

மெர்லின் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கைக்குள் அது பொருந்தி நின்றது. "கண்ணு," என்றாள். அழுகையினூடே அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

அதன் பக்கத்தில் இன்னொன்று எழும்பியது.

அதற்குக் கீழே ஒன்று. ஓரத்தில் ஒன்று. பிறகு மூலைக்கு மூலை, துணி முழுக்க. எல்லாம் அதே அளவு. எல்லாம் அதே சூடு. தள்ளின. உதைத்தன. அவள் கைக்காக.

"மெர்லின், வந்துரு," என்றான் அடைக்கலராஜ். அவன் குரல் எங்கோ தூரத்தில் இருந்தது.

"இருங்க," என்றாள் அவள். "இதுல எது நம்ம புள்ளைன்னு தெரியல."

இரண்டு கைகளாலும் துணியைத் தடவி, ஒவ்வொரு குதிகாலாகப் பிடித்துப் பார்த்து, விட்டு, அடுத்ததைப் பிடித்து, அவள் தேடிக்கொண்டிருந்தாள்.