கடைவாயில் பால்

மாரி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், ஆன்சலா பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினாள். முல்லைத்தீவில் களப்பு நீரை ஒட்டி நின்ற அந்த வீடு அவர்களுடையதல்ல. அவர்கள் வீட்டுக் கூரையைக் காற்றுத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதைத் திருத்தி முடிக்கும்வரை இருக்கச் சொல்லி, வெளிநாட்டிலிருந்த ஒருவர் தன் பழைய வீட்டைக் கொடுத்திருந்தார். கூரை புதுத் தகரம், சுவர்கள் பழையவை. சுண்ணாம்புக்கு அடியில், சண்டைக் காலத்துத் துப்பாக்கிச் சன்னம் துளைத்த குழிகள் கையால் தடவினால் தெரியும்.

ஆன்சலா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் குழி விழாத பழைய சுவர் ஏது? அவளுக்கிருந்த கவலை ஒன்றுதான். பிள்ளை பால் குடிக்கவில்லை.

வாய் வைக்கும். நுனியை மட்டும் கவ்வும், நழுவும். பிறகு முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்து அலறும். காம்புகள் வெடித்து இரத்தம் கசிந்தன. மார்பு கல்லாகக் கட்டி, உடம்பு காய்ந்தது. கணவன் துசியந்தன் விடியவே மீன்பிடிக்கக் களப்புக்குப் போய்விடுவான். அவனுடைய அக்கா யூலிற்றாதான் வந்து நின்று சமைத்தாள். பால் சுரக்கட்டும் என்று பால்சுறா மீன் அவித்துப் புட்டுக்குள் போட்டுக் கொடுத்தாள். மார்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் பிடித்தாள்.

"ரின் பால்மாவைக் கரைச்சுக் குடுப்பம், ஆன்சலா. பிள்ளை காயுதடி."

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள். நான் குடுப்பன்."

மருத்துவிச்சி கம்சா மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தாள். பிள்ளையைத் தராசில் வைத்து நிறுத்தாள். ஆன்சலாவின் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தினாள்.

"நீ குனிஞ்சு குடுக்காத. பிள்ளையை உன்னட்டக் கொண்டு வா. காம்பால மேல் சொண்டில தடவு. ஆவெண்டு வாயைத் திறக்குமட்டும் பொறு. திறந்த உடன இழுத்து அணை. காம்பு மட்டுமில்லை, கறுப்பு வட்டமும் உள்ள போகவேணும்."

அன்றும் பிள்ளை பிடிக்கவில்லை.

"இது ஒரு நாளில வாற வேலையில்லை," என்றாள் கம்சா. "தேவையெண்டால் மா குடுக்கிறதும் குற்றமில்லை. ஆனா அடுத்தமுறை நிறுக்கேக்க கூடியிருக்கவேணும். இல்லாட்டி ஆஸ்பத்திரியிலதான் வைக்கவேண்டி வரும்."

அடுத்த நாள் மதியம். மழை இருட்டில் அறை சாம்பல் நிறமாகக் கிடந்தது. தகரத்தில் மழை ஒரே சீராகக் கொட்டியது. காய்ச்சல் அசதியில் ஆன்சலா கண்ணயர்ந்துவிட்டாள். அரைத் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மெதுவாக உறிஞ்சும் சத்தம். பிறகு ஒரு மிடறு. மறுபடி உறிஞ்சல், மறுபடி மிடறு. வயிறு நிறையப் பால் குடிக்கும் பிள்ளையின் சத்தம். கூடவே பச்சைப் பாலும் ஈரமணலும் கலந்த ஒரு வாடை.

கண் விழித்தாள். பிள்ளை பக்கத்தில் உறங்கியது. வயிறு ஊதியிருந்தது.

கடைவாயில் பால்.

ஆன்சலாவுக்குக் கோபம் வந்தது. குசினிக்குப் போனாள். "எனக்குச் சொல்லாமல் ஏன் மச்சாள் மா குடுத்தனீங்கள்?"

யூலிற்றா அகப்பையோடு திரும்பினாள். "ஆர்? நானோ? மடு மாதா அறிய நான் அறைக்குள்ளயே வரேல்லை. நீ குடுத்தாயெண்டெல்லோ நான் சந்தோசப்பட்டுக்கொண்டு நிக்கிறன். சத்தம் இஞ்ச வரைக்கும் கேட்டது!"

மழை இன்னும் பலத்தது.

அதற்குப் பிறகு பிள்ளை அழவேயில்லை. ஆன்சலா மார்பை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டது. கண்கள் அவளைத் தாண்டி, அறையின் பின்மூலையைத் தேடின. அங்கே எதுவும் இல்லை. பிள்ளை அந்த மூலையைப் பார்த்து வாயை ஆவென்று திறந்தது.

கம்சா வந்து நிறுத்தபோது தராசை இரண்டாம் தரமும் பார்த்தாள். "குறைஞ்சிருக்கு, ஆன்சலா. நல்லாக் குறைஞ்சிருக்கு. குடிக்குதெண்டு சொன்னியள்?"

யூலிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள். வயிறு ஊதிக் கிடந்த பிள்ளையின் தொடைத்தோல் சுருங்கியிருந்ததை ஆன்சலா அப்போதுதான் கண்டாள். அந்தப் பால் நிறைக்கிறது. ஆனால் வளர்க்கவில்லை.

"நாளைக்குக் காலமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்கோ," என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்சா போனாள். துசியந்தனைக் கூட்டிவர யூலிற்றா குடையோடு களப்புக் கரைக்கு ஓடினாள்.

வீட்டில் ஆன்சலாவும் பிள்ளையும் மட்டும். அவள் பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தி, கண்ணை மூடிக்கொண்டு படுத்தாள். தூங்கவில்லை. காத்திருந்தாள்.

முதலில் வாடை வந்தது.

பிறகு மணல் உதிரும் சத்தம்.

பக்கத்திலிருந்த சின்னச் சூடு மெல்ல விலகியது.

ஆன்சலா கண்ணைத் திறந்தாள். பின்மூலையில் ஒருத்தி குந்தியிருந்தாள். தலைமயிர் அவிழ்ந்து முன்னால் விழுந்திருந்தது. பூப்போட்ட சட்டை முழுக்க மண். ஷெல்லடிக்கு ஒளிந்து பங்கர் குழிக்குள் இருப்பவர்களைப் போல முதுகைக் கூன்போட்டு, மடியிலிருந்த பிள்ளையைத் தன் உடம்பால் மூடியிருந்தாள். அவள் அசையும்போதெல்லாம் சட்டையிலிருந்து மணல் உதிர்ந்தது.

உறிஞ்சும் சத்தம். ஒரு மிடறு.

ஆன்சலா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"என்ர பிள்ளையைத் தாங்கோ."

தலை நிமிரவில்லை. "சத்தம் போடாத," என்றது குரல், மூச்சுக் காற்றாக. "ஷெல் நிண்டிட்டுதே?"

ஆன்சலா எதிர்பார்த்தது அதுவல்ல. சிறுமியாக இருந்தபோது, இதே கடற்கரையோரம் தாயின் வயிற்றுக்கடியில் ஒடுங்கியபடி அவளும் அதையேதான் கேட்டிருக்கிறாள்.

"நிண்டிட்டுது அக்கா. அது எப்பவோ நிண்டிட்டுது."

மடியிலிருந்த பிள்ளையின் முகத்தை அவள் விரலால் தடவினாள்.

"அப்ப என்ர பிள்ளை?"

"எனக்குத் தெரியாது." ஆன்சலா இன்னும் ஓரடி முன்னால் வைத்தாள். "நீங்கள் எவ்வளவு தேடியிருப்பீங்கள் எண்டு விளங்குது. ஆனா இது உங்கட இல்லை. இது என்ர."

"உனக்குப் பாலில்லை."

அந்தச் சொல் அவளைக் குத்தியது. இத்தனை நாளும் அவள் தனக்குத்தானே சொல்லி அழுத சொல்.

"இருக்கோ இல்லையோ, நான்தான் தாய். தாங்கோ."

குனிந்து அந்த மடிக்குள் கையை விட்டாள். அந்தக் கைகள் குளிர்ந்திருக்கவில்லை. காய்ச்சல்காரியின் கைகளைப் போலச் சுட்டன. அவை இறுகின. ஆன்சலா விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிள்ளை வீரிட்டது. பல நாளைக்குப் பிறகு கேட்ட பசியின் அழுகை.

கட்டிலுக்கு ஓடாமல் அந்த இடத்திலேயே, அந்தப் பெண்ணுக்கு முன்னால், சுவரில் முதுகை வைத்துச் சம்மணமிட்டு அமர்ந்தாள். மார்பை அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினாள். ஒரு துளி. அதைப் பிள்ளையின் மேல் உதட்டில் தடவினாள்.

மண் அப்பிய முகம் நெருங்கி வந்தது. வாடை மூச்சை அடைத்தது. காதுக்குள் குரல் கேட்டது.

"தா."

"தரமாட்டன்."

"தா."

"பாருங்கோ! நல்லாப் பாருங்கோ!"

பிள்ளை ஆவென்று வாயைத் திறந்தது. ஆன்சலா இழுத்து அணைத்தாள். வலி உச்சந்தலைவரை ஏறியது. இந்த முறை வாய் நழுவவில்லை. உறிஞ்சியது. நின்றது. பிறகு ஒரு மிடறு.

ஆன்சலா அழுதுகொண்டே நிமிர்ந்தாள். மூலையில் ஈரமணல் மட்டும் ஒரு பிடி கிடந்தது.

துசியந்தனும் யூலிற்றாவும் நனைந்து வந்து சேர்ந்தபோதும் பிள்ளை குடித்துக்கொண்டுதான் இருந்தது. நடந்ததைக் கேட்ட யூலிற்றா உடுப்புகளைப் பையில் அடைக்கத் தொடங்கினாள். "இப்பவே வெளிக்கிடுவம். இனி ஒரு நிமிசமும் இஞ்ச வேண்டாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போவம் மச்சாள். பிள்ளையைக் காட்டிப்போட்டு இஞ்சதான் திரும்பி வருவன்."

"உனக்கென்ன விசரோ?"

"சின்னனில எத்தினை இடத்தால ஓடினனாங்கள்? நான் ஓடினது காணும். என்ர பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டன்."

துசியந்தன் அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தான்.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். பாலைப் பீய்ச்சிக் கோப்பையாலும் பருக்கினார்கள். நிறை கூடத் தொடங்கியது. ஆன்சலா சொன்னபடியே அந்த வீட்டுக்குத் திரும்பினாள். பின்மூலையில் முதுகை வைத்து, அங்கேயே இருந்து பால் கொடுத்தாள். மணல் வாடை சில மத்தியானங்களில் வந்தது. வந்தபோதெல்லாம் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "இருங்கோ அக்கா. இருந்து பாருங்கோ. தொட மட்டும் விடமாட்டன்," என்றாள். போகப்போக அந்த வாடையும் நின்றது.

கூரை வேலை முடிந்து அவர்கள் சொந்த வீட்டுக்குப் போனபோது சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்குத் தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. ஒரு வெயில் காலையில், திறந்த வாசலில் இருந்து ஆன்சலா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கீழ்முரசில் முதற்பல் முளைத்திருந்தது. அவள் தெருவைப் பார்த்த நேரத்தில் நறுக்கென்று கடித்துவிட்டது.

"ஆ!" என்று கத்திவிட்டு, ஆன்சலா சிரித்தாள்.

வீட்டில் வேறு எவரும் இருக்கவில்லை.

அவளுடைய தோளுக்குப் பின்னால், மிக அருகில், இன்னொருத்தியும் மெல்ல "ஆ" என்றாள்.