காலரில் பச்சை நூல்

முதலில் உறுத்தியது வாடைதான். பழைய ஓவியங்களைத் துடைத்துச் சீராக்குவது அவள் பிழைப்பு; இருபது வருடத்தில் அந்த மூக்கு ஒரு முறையும் ஏமாந்ததில்லை. வார்னிஷ் வாடை வரும், தூசி வாடை வரும். இதிலோ மழையில் ஊறிய சட்டைகளின் வாடை வந்தது.

போன மாதம் இறந்துபோன ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டிலிருந்து வந்த போர்க்கால ஓவியம் அது. சேற்றுச் சாலையோரம் பதினோரு பேர் முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தார்கள்.

"யார் வரைஞ்சதும்மா?" என்று காலையில் அவருடைய மகளிடம் கேட்டிருந்தாள்.

"அப்பாதான். அங்க நின்னு பார்த்தத அப்படியே வரைஞ்சேன்னு சொல்வாரு. ஆனா வெளிய காட்டினதே இல்ல. சுவத்தப் பாக்கத் திருப்பியே வச்சிருந்தாரு."

அந்தப் போரில்தான் அவளுடைய தம்பி காணாமல் போனான். வீட்டில் அவனுக்கு வாலு என்று பெயர். அவனை லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறக்கியதைப் பார்த்தவர் யாருமில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவனைத் தேடுவது அவளுக்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம்.

பஞ்சுக் குச்சியைக் கரைசலில் தோய்த்து, தீப்பெட்டி அகலத்துக்கு ஓர் இடமாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் விட்ட இரைச்சல். அறைக்குள்ளோ பலபேர் சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதைப் போன்ற அமைதி. ஏழாவது ஆளின் கழுத்தில் அழுக்கு விலகியது. சட்டைக் காலர். அதில் பச்சை நூல் தையல்.

கை நின்றது.

வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று தம்பி சட்டையில் அவள் போட்ட தையல். "எல்லாரும் சிரிப்பாங்கக்கா" என்று சிணுங்கினான். "பின்னாடி நின்னு உன்னை யாருடா பாக்கப் போறாங்க?" என்று சொல்லித்தான் அனுப்பிவைத்தாள்.

ஒருத்தன் பார்த்திருக்கிறான். நிதானமாக. நூலின் நிறம்வரை.

தம்பியின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், செத்தாலும் பரவாயில்லை.

"வாலு," என்றாள். "அக்காடா. திரும்புடா."

வாடை கூடியது. சேறு நெளிந்தது. ஏழாவது தோள் அசைந்தது.

சொன்ன பேச்சை ஒரு நாளும் கேட்காத பிள்ளை, அன்று கேட்டான். திரும்பினான்.

காது இருந்தது. காதோர முடி இருந்தது. அதற்கப்பால் ஒன்றுமே வரைந்திருக்கவில்லை. அந்த அதிகாரி கடைசிவரை பின்னால்தான் நின்றிருந்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கான்வாஸ் துணி. அந்தத் துணி, வாய் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. மறுபடி குழிந்தது.