அம்மா வந்து திறக்கும்வரை

புது வண்டி வீட்டுக்கு வந்த அன்று, அவள் முன்சீட்டிலிருந்து இறங்கி, வழக்கம்போல வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். கைப்பிடியைத் தொடுவதற்குள் பின்கதவு உள்ளிருந்து திறந்தது. அவளுடைய மகள் சிட்டு இறங்கி, உடையை நீவிவிட்டுக்கொண்டு, அம்மாவைத் தாண்டி வீட்டுக்குள் நடந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அங்கேயே நின்றாள்.

கதவென்றால் உள்ளிருந்தும் திறக்கத்தான் செய்யும். ஆனால் கிழவன் அப்படியில்லை. கிழவன் என்பது பழைய காருக்கு வீட்டில் வைத்த பெயர். காலையில் இருமாமல் கிளம்பாது, மேடு வந்தால் முனகும், மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். பின்கதவுகள் இரண்டில் ஒன்று திறக்கவே திறக்காது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த மற்றது வெளியிலிருந்து மட்டும் திறக்கும். ஒருமுறை சிட்டு முன்சீட்டைத் தாண்டி இறங்கப் பார்த்து, ஹேண்ட்பிரேக்கைத் தட்டிவிட, வண்டி சரிவில் உருண்டு சுவரில் போய் முட்டியது. பிள்ளை பிழைத்ததே பெரிய விஷயம். பயத்தில் அவள் மகளை அடித்தாள்.

“அம்மா வந்து திறக்கற வரைக்கும் எறங்கக்கூடாது. சீட்டைத் தாண்டக்கூடாது. கண்ணாடியில ரெண்டு தட்டு தட்டு, நான் வந்துடுவேன்.”

அதற்குப் பிறகு சிட்டு அதை மீறியதே இல்லை. கடையோ பள்ளிக்கூடமோ, வண்டி நின்றதும் பின்னாலிருந்து டக், டக். அது காதில் விழுந்தால் போதும், அவள் கால்கள் தானாக நடக்கும். இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரு பிள்ளை ஒரே நாளில் மறக்குமா என்று நினைத்தாள். பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

கணவன் புது வண்டியின் சீட்டுகளில் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடவில்லை. உட்கார்ந்தால் சத்தம், திரும்பினால் சத்தம், பெருமூச்சு விட்டால்கூடச் சத்தம். இதில் குடும்ப ரகசியம் எதையும் பேச முடியாது என்று அவளே கேலி செய்திருந்தாள். ஒரு நாள் சிட்டுவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும்போது சாலையில் இருந்த வேகத்தடையில் வண்டி குலுங்கியது. அவளுக்கு அடியில் உறை மொறுமொறுத்தது. பின்சீட்டில் எதுவுமே கேட்கவில்லை. சட்டென்று முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். சிட்டு நடுவில் நேராக உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கிழவனில் இரண்டு திருப்பம் திரும்பினாலே வாந்தி எடுக்கும் பிள்ளை, அதற்கென்றே மடியில் ஒரு மஞ்சள் துண்டை வைத்திருக்கும் பிள்ளை, இப்போது எவ்வளவு தூரம் போனாலும் முகம் சுளிப்பதில்லை. ஏசி வேலை செய்கிறது, அதனால்தான் என்றான் கணவன். காலையில் தலை வாரிவிடும்போது சிட்டுவின் முடியிலிருந்து தூக்கமும் வியர்வையும் கலந்த அந்தப் பழைய வாசனை வரவில்லை. பிரிக்காத பெட்டிக்குள் மூக்கை வைத்தது மாதிரி பிளாஸ்டிக்கும் பசையும் மணத்தன. குளிப்பாட்டினாள். மறுநாளும் குளிப்பாட்டினாள். கழுத்தின் பின்புறத்தில், தோலுக்கு அடியிலிருந்தே அந்த வாடை வந்தது. பெற்ற பிள்ளையைத் தொட அவளுக்கு அருவருப்பாக இருந்தது, அப்படி இருப்பதற்காக அழுகையும் வந்தது.

“புது வண்டி வாங்கினா நாலு பேரு சந்தோஷப்படுவாங்க. நீ எழவு வீடு மாதிரி மூஞ்சிய வச்சிருக்க,” என்றான் கணவன்.

துணி மடிக்கும்போது ஒரு மாலை, அந்த மஞ்சள் துண்டு எங்கே என்று தேடினாள். அது கிழவனிலேயே போய்விட்டது என்பது நினைவுக்கு வந்தது. அதோடு மற்றதும் வந்தது.

வண்டி எடுக்கப் போன அன்று நல்ல மழை. வழியில் வாந்தி எடுத்த சிட்டு, பின்சீட்டில் சுருண்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். ஷோரூம் வாசலில் விற்பனைப் பையன் குடையோடு ஓடிவந்து, முன்சீட்டில் இருந்த அவளை அவசரமாக உள்ளே கூட்டிப்போனான். கணவன் பின்னாலேயே வந்து கிழவனின் சாவியை அவன் கையில் கொடுத்தான். புது வண்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை உருவினார்கள். பின்சீட்டில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குத்தான் எவ்வளவு ஆசை என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வெளியே கொட்டுகிற மழையில், சிட்டுவின் தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சாப்பாட்டு மேசையில் கணவனிடம் கேட்டாள்.

“அன்னைக்கு ஷோரூம்ல கிழவன்ல இருந்து சிட்டுவ நீங்கதானே எறக்குனீங்க?”

அவன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “நீதானே. எப்பவும் நீதானே தொறப்ப.”

“நான் குடைக்குள்ள முன்னாடி போயிட்டேன். உங்க பக்கத்துக் கதவுதானே, மழையாச்சே, நீங்க தொறந்திருப்பீங்கன்னு…”

“அப்ப அவளே எறங்கியிருப்பா.”

“அந்தக் கதவு எப்படிங்க உள்ள இருந்து தொறக்கும்?”

எதிரே சிட்டு மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அதான் நான் வந்துட்டேனேம்மா,” என்றாள்.

கணவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது, உனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று கத்தினான். சிட்டு மறுபடி மெல்லத் தொடங்கியிருந்தாள், ஒரே சீராக.

மறுநாள் ஷோரூமுக்குப் போன் செய்தாள். பழைய வண்டிகளெல்லாம் ஊருக்கு வெளியே உடைக்கிற கிடங்குக்குப் போய்விடும், மேடம் என்றான் பையன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சிட்டுவை விட்டுவிட்டுப் போக வேறு ஆளில்லை. ஏற்றிக்கொண்டாள்.

கடைகள் குறைந்து, வீடுகள் குறைந்து, சாலை ஓரமெல்லாம் துருப்பிடித்த தகரமும் எண்ணெய்க் கறையுமாக ஆகிக்கொண்டே வந்தது. பின்னால் சத்தமில்லை. கழுத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாடை.

“எங்கம்மா போறோம்?”

“ஒரு வேலை இருக்கு.”

“அது பழசும்மா. விட்டுடலாம்.”

அவள் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வழுக்கியது.

கிடங்கு வாசலில் நிறுத்தினாள். திரும்பாமலே சொன்னாள். “அம்மா வந்து திறக்கற வரைக்கும் எறங்காதே.”

“நான் அப்படியெல்லாம் இருக்க மாட்டேன்,” என்றது பின்சீட்டு.

இறங்கினாள். சாவியால் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. ஓடினாள்.

கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். கிடங்குக்காரர் கையைக் காட்டிய இடத்தில், எட்டாத உயரத்தில், எல்லாவற்றுக்கும் மேலே கிழவன். சாயம் போன அந்த நீலம். மற்ற வண்டிகளின் கண்ணாடியெல்லாம் காய்ந்து தூசி படிந்திருந்தது. கிழவனின் பின்கண்ணாடி ஒன்று மட்டும் மங்கலாக இருந்தது. உள்பக்கம் ஆவி. மூச்சு படிந்த ஆவி.

டக். டக்.

“கேட்டீங்களா?” குரல் அவளுடையதாகவே இல்லை. “உள்ள என் பொண்ணு இருக்கா.”

“அது தகரம்மா. வெயில் இறங்கினா சுருங்கும், இப்படித்தான் சத்தம் போடும். பாக்காம அடுக்குவோமா? ஒரு மஞ்சத் துண்டு கெடந்துச்சு. வேற ஒண்ணுமில்ல.”

அவர் கையை உயர்த்தி கிரேனுக்குச் சைகை காட்டினார். இரும்பு நகங்கள் இறங்கின. கூரையில் பதிந்தன. கண்ணாடிகள் நொறுங்கி விழுந்தன, அந்த ஒன்றைத் தவிர. அவள் கத்தினாள். இயந்திரத்தின் இரைச்சல் அதை விழுங்கியது. கிரேன்காரனின் காதுகளை அடைத்திருந்தது தடித்த கறுப்புப் பட்டை.

கிழவன் மேலே எழுந்தது. ஆடியது. மெல்லத் திரும்பியது.

டக். டக்.

கால்கள் தானாக நடந்தன. இரண்டடி. அவ்வளவுதான். அவளுடைய கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்திருந்தது. வழவழப்பாக. சில்லென்று. பின்னால், வாசலில், புது வண்டியின் பின்கதவு அகலத் திறந்து கிடந்தது.

“வாம்மா. வீட்டுக்குப் போலாம்.”

உதறினாள். முடியவில்லை. இழுத்தாள். விரல்கள் இறுகின. எலும்பு நெரிந்தது. கிடங்குக்காரர் குனிந்து, பாப்பா பயந்துடுச்சு பாருங்க, கூட்டிட்டுப் போங்க என்றார்.

நசுக்கும் இயந்திரத்தின் வாய்க்கு மேலே கிழவன் தொங்கியது. பின்கண்ணாடி அவள் பக்கம் திரும்பி நின்றது. உள்ளே ஒரு சின்ன உள்ளங்கை ஆவியைத் துடைத்தது. வட்டமாக. துடைத்த இடத்தில் ஒரு கண். அவளைப் பார்த்துவிட்ட கண். அழவில்லை. சீட்டைத் தாண்டவில்லை. சொன்ன சொல்லை மீறவில்லை.

கிழவன் இறங்கியது. இரும்பு மூடத் தொடங்கியது.

டக். டக்.